நாலரை வயதுப் பையனுக்கு எந்தத் தூண்டில்?

கேள்வி: என் பையனுக்கு நாலரை வயது. கழிஞ்சூர் ஏரிப் பக்கம் போனாலே தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்து நின்றுவிடுகிறான், இழுத்தாலும் வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு, ஆன்லைனில் ரீல் வைத்த தூண்டில் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறார். அவனுடைய ஆயா, அதாவது என் மாமியார், "அவனுக்குத் தண்ணியில கண்டம்" என்று ஒரே பிடிவாதம். போகலாமா, என்ன வாங்க வேண்டும்?
– வாசகி, காட்பாடி

பதில்: போகலாம். ஆயா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ரீல் தூண்டில் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இந்த வயசுக் கைக்கு ரீல் சுற்ற வராது, தூண்டில் நரம்பு சிக்கிக்கொள்ளும், சிக்கெடுக்க அப்பா குனிந்து உட்கார்ந்துவிடுவார், அந்த நேரத்தில் பையன் கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் வீச ஆரம்பித்திருப்பான், அதோடு மீன் போச்சு. ஐந்தடி நீளத்துக்கு ஒல்லியான மூங்கில் கழி போதும். கழி எவ்வளவு நீளமோ நரம்பும் அவ்வளவுதான், அதற்கு மேல் விடக்கூடாது. அப்போதுதான் கழியைத் தூக்கினால் தூண்டில் முள் நேராக நம் கைக்கு வரும், பின்னால் நிற்கிறவர் காதில் மாட்டாது. முள் சின்னதாக இருக்கட்டும். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் என்று கேளுங்கள், நம்பர் கூடக் கூட முள் சிறுக்கும். வாங்கி வந்ததும் முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன வெட்டைக் குறட்டால் அழுத்திப் படிய வைத்துவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு நழுவும், நழுவட்டும். பையன் விரலில் ஏறினால் கிழிக்காமல் கழன்றுவிடும் அல்லவா. தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு நறுக்கிக்கொள்ளலாம். கனத்துக்கு ஈயக் குண்டு மட்டும் வேண்டாம், குழந்தை வாயில் போட்டுவிடும், ஈயம் விஷம். சின்ன இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். மொத்தச் செலவில் ரீலுக்கு ஒதுக்கிய காசு அப்படியே மிஞ்சும், அதில் அவன் எடைக்குத் தகுந்த லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அதைப் போட்டுக் காட்டினால் ஆயாவும் கொஞ்சம் இறங்கி வருவார்.

இனி ஆயாவின் நியாயம். நம் பக்கத்து ஏரிகளில் கரையோரம் முழங்கால் தண்ணீர் என்று நம்பி இறங்கக் கூடாது. வண்டல் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது, இரண்டடி தள்ளி வைத்தால் ஆள் ஆழம் இருக்கும். மதகுப் பக்கமும் வேண்டாம். ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும்போது மீன் எதிரேறி வரும், ஊரே அங்கே நிற்கும், பையனும் அங்கேதான் போகணும் என்பான். அந்த இழுப்பில் பெரியவர்களுக்கே கால் நிற்காது, 2021 நவம்பரில் பாலாறு வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரிவு குறைவாக, தரை கெட்டியாக, புல் இருக்கும் இடமாகப் பாருங்கள். சீமைக் கருவேல முள் எங்கும் கிடக்கும், செருப்பு போதாது, ஷூ போட்டுவிடுங்கள். அப்பா கை நீட்டினால் பையன் சட்டை கைக்குச் சிக்க வேண்டும், அவ்வளவு தூரம்தான். அதனால்தான் சொல்கிறேன், அன்றைக்கு அப்பாவுக்குத் தனித் தூண்டில் கிடையாது, போனும் பையிலேயே இருக்கட்டும். இரண்டு தூண்டில் போட்டால் அப்பா கண் தன் தக்கை மேல்தான் இருக்கும், எனக்குத் தெரிந்த எந்த அப்பாவும் இதற்கு விலக்கு இல்லை.

இன்னொன்று, பெரும்பாலான ஏரிகளில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். கட்லா, ரோகு குஞ்சு விட்டு வளர்க்கிறவர் அந்தக் குத்தகைக்காரர். போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், "பையனுக்காக, ஜிலேபி மீன் மட்டும்" (திலாப்பியாதான்) என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். விடாவிட்டால் வேறு ஏரி, சண்டை வேண்டாம்.

மார்கழி, தை மாதங்கள் தோதானவை, ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயில் அவ்வளவாகச் சுடாது. காலையில் ஏழு மணிக்குப் போய் எட்டுக்குத் திரும்பிவிடுங்கள். வேலூர் வெயிலில் அதற்கு மேல் உட்கார வைத்தால் தூண்டில் என்றாலே அழுவான். முதல் நாள் சாயங்காலமே பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் மண்ணைக் கிளறி மண்புழு எடுக்க விடுங்கள், அவனுக்குப் பாதி சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடும். புழு தொட அருவருப்பு என்றால் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து மிளகளவு உருண்டை. ஜிலேபி முதலில் தக்கையை இரண்டு மூன்று முறை தட்டித் தட்டிப் பார்க்கும், அப்புறம் தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக ஓடும், அந்த ஓட்டத்தில்தான் தூக்க வேண்டும். பையன் முதல் தட்டலிலேயே தூக்குவான். திட்டாதீர்கள்.

மீனை முள்ளிலிருந்து கழற்றுவது அப்பா வேலை. ஜிலேபியின் முதுகு முள்ளைத் தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக ஈரக் கையால் தடவிப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். கெளுத்தி வந்தால் பையன் கையை நீட்டவே விடாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், குத்தினால் கடுத்துக்கொண்டே இருக்கும். அப்படிக் குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் வைத்தால் கடுப்பு குறையும். சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். முறிந்த முள் உள்ளே இருந்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளை அழைத்துப் போனேன். மீன் துடித்ததைப் பார்த்து அழுதுவிட்டாள், திரும்ப விடச் சொன்னாள். விட்டுவிட்டேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: கேலி செய்கிறவர்களை விடுங்கள், விட்டது சரிதான். அடுத்த முறை ஒரு பக்கெட்டில் ஏரித் தண்ணீர் எடுத்து வைத்து, மீனை அதில் கொஞ்ச நேரம் பார்க்க விட்டுப் பிறகு ஏரியில் விடுங்கள், துடிப்பு தெரியாது. பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும் என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொரு மீனின் வாயையும் எட்டிப் பார்ப்பாள். விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கும்பலாக மேலே வருவதைக் கண்டால் காட்டுங்கள், கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், அங்கே தூண்டில் போட வேண்டாம்.

கேள்வி: பையன் பிடித்த மீனை அவனே சாப்பிடணும் என்கிறான். பொரித்துக் கொடுக்கலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரி, கால்வாய் என்றால் கூடவே கூடாது. இந்தக் கழிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கழிவில் இருக்கும் குரோமியம் எண்ணெயில் பொரித்தால் போகாது. நல்ல தண்ணீர் ஏரி என்று தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள், மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி மொறுமொறுப்பாக. கையளவு ஜிலேபியில் முள் நிறைய இருக்கும், நீங்களே உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்துக் கொடுங்கள்.