பழைய கணினி, பெரிய படங்கள்: ரேம் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை வந்தவற்றில், போட்டோ எடிட்டிங் மென்பொருளும் பழைய கணினியின் மெமரியும் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: என் லேப்டாப்பில் 4 ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. கேமராவில் எடுத்த ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 8 எம்.பி.தான். போட்டோஷாப்பில் மூன்றைத் திறந்து கொஞ்சம் வேலை செய்தாலே மவுஸ் நகர மறுக்கிறது. மொத்தம் 24 எம்.பி.க்கா இந்தப் பாடு?

பதில்: 8 எம்.பி. என்பது படம் டிஸ்கில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் அளவு. திறந்தவுடன் மடிப்பு பிரிந்துவிடும். ரேமில் ஒவ்வொரு பிக்செலுக்கும் தனித்தனியே இடம் வேண்டும். உங்கள் கேமரா 24 மெகாபிக்செல் என்றால் 6000 × 4000, அதாவது 2.4 கோடி பிக்செல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா ஒரு பைட் வீதம் 7.2 கோடி பைட், ஏறத்தாழ 72 எம்.பி. அதே படத்தைத் தரம் குறைத்து 2 எம்.பி. ஜேபெக்காகச் சேமித்துத் திறந்தாலும் இதே 72தான். கோப்பைச் சுருக்கினால் டிஸ்க் மிச்சமாகும். ரேம் மிச்சமாக வேண்டுமென்றால் பிக்செலைத்தான் குறைக்க வேண்டும்.

இது தொடக்கம்தான். படம் 16 பிட்டில், அதாவது நிறத்துக்குத் தலா இரண்டு பைட் வீதம் இருந்தால் 144 எம்.பி. பேக்கிரவுண்டை கண்ட்ரோல்+ஜே அழுத்தி நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு முழுப்படம் சேரும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று நகல் எடுத்து வைப்பவர்கள் உண்டு. 8 பிட்டிலேயே அது 288 எம்.பி. ஆகிவிடும். வெளிச்சம், நிறம் மட்டும் மாற்ற நகல் தேவையே இல்லை. கர்வ்ஸ், லெவல்ஸ் போன்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போதும், அதற்கு மெமரிச் செலவு அநேகமாக இல்லை.

பெரிய செலவாளி ஹிஸ்டரி. புதிய பதிப்புகளில் 50 படிகள் பின்னோக்கிப் போகலாம் என்பது இயல்பு அமைப்பு. போட்டோஷாப் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மாறிய கட்டங்களை மட்டும் புதிதாகச் சேமிக்கிறது. முகத்தில் ஒரு பருவை நீக்கினால் சில கட்டங்கள்தான் மாறும், செலவு சொற்பம். படம் முழுக்க ஷார்ப்பன் அல்லது பிளர் போட்டால் எல்லாக் கட்டமும் மாறும். ஒரு படி என்பது ஒரு முழு நகல். அப்படிப் பத்து முறை செய்தால் 720 எம்.பி. மூன்று படங்களிலும் இதே கதை என்றால் உங்கள் 4 ஜி.பி.யில் மிச்சம் என்ன இருக்கும்? விண்டோஸும் பின்னணி நிரல்களும் முதலிலேயே பெரும்பங்கை எடுத்திருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகிறது.

எடிட் – ப்ரிஃபரன்சஸ் – பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் எண்ணை 15 ஆக்குங்கள். அதே பக்கத்தில் மெமரி யூசேஜ் ஸ்லைடர் இருக்கும், வழக்கமாக 70 சதவீதத்தில் நிற்கும். கணினி திணறுகிறதே என்று பலர் அதை 90, 100 என்று ஏற்றிவிடுகிறார்கள். 4 ஜி.பி. கணினியில் இது நேர்எதிர்ப் பலன் தரும். ரேம் போதாதபோது போட்டோஷாப் டிஸ்கில் 'ஸ்கிராட்ச்' என்ற தன் தற்காலிகக் கோப்பில் எழுதுகிறது, விண்டோஸும் டிஸ்கில் உள்ள தன் பேஜ் ஃபைலில் எழுதுகிறது. ஸ்லைடரை ஏற்றிவிட்டால், போட்டோஷாப் 'ரேமில் இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருப்பதை விண்டோஸ் சத்தமில்லாமல் டிஸ்குக்குத் தள்ளிவிடும். இரண்டும் ஒரே டிஸ்கில் முட்டிக்கொள்ளும்போதுதான் மவுஸ் நகர மறுக்கிறது. 60 முதல் 65 வரை வைத்து, பிரௌசரை மூடிவிட்டு வேலை செய்து பாருங்கள்.

கேஷ் லெவலை 1 ஆக்கு என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது. கேஷ் என்பது படத்தின் அரை அளவு, கால் அளவு பிரதிகள். எல்லாம் சேர்ந்தாலும் மூலப்படத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அதைப் பிடுங்கினால் மிச்சம் கொஞ்சம், ஜூம் செய்யும்போது படும் அவதி அதிகம். விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாப் படங்களையும் மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் போட்டோஷாப் 1.6 ஜி.பி. காட்டுகிறது. இதுதான் மெமரி லீக் என்பதா?

பதில்: தேவை முடிந்த மெமரியை விடாமல் மேலும் மேலும் வாங்கிக்கொண்டே போவதுதான் லீக். இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒருமுறை வாங்கிய மெமரியை அடுத்த படத்துக்கு உதவும் என்று கையிலேயே வைத்துக்கொள்வது அதன் வழக்கம். மென்பொருளை மூடினால்தான் முழுதாகத் திருப்பித் தரும்.

லீக்கா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமிட் சைஸ்' நெடுவரிசையைச் சேருங்கள். பிறகு ஒரே படத்தைத் திறந்து, ஒரே ஃபில்டரைப் போட்டு, சேமிக்காமல் மூடுங்கள். இதைப் பத்து முறை செய்து ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று முறை ஏறி அப்புறம் அதே இடத்தில் நின்றால் கவலை வேண்டாம். பத்தாவது முறையிலும் அதே அளவு ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது.

அப்போது முதல் சந்தேகம் வெளியிலிருந்து சேர்த்த பிளக்–இன் மேல்தான் விழ வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே போட்டோஷாப்பைத் தொடங்கினால், கூடுதல் பிளக்–இன்களைத் தவிர்க்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். ஏற்றம் நின்றுவிட்டால் பிளக்–இன்களைப் பாதிப் பாதியாக எடுத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். நிற்கவில்லை என்றால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராஃபிக்ஸ் பிராசசர் டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து ஒருமுறை சோதியுங்கள்; பழைய கிராஃபிக்ஸ் டிரைவரும் இப்படி மெமரியைக் கசியவிடும்.

கேள்வி: பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை கிராப் செய்து நாலைந்து மாற்றம் செய்வதற்குள் 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று வருகிறது. டிரைவில் 6 ஜி.பி. காலியாக இருந்தது. இத்தனூண்டு படத்துக்கு அதுகூடப் போதாதா?

பதில்: படம் இத்தனூண்டாக இல்லை என்பதுதான் சிக்கல். கிராப் பட்டையில் அகலம், உயரம், ரெசல்யூஷன் மூன்று பெட்டிகளையும் பாருங்கள். 35 × 45 மில்லிமீட்டரை 300 பி.பி.ஐ.யில் (இன்ச்சுக்கு 300 பிக்செல்) வெட்டினால் கிடைப்பது 413 × 531 பிக்செல், முக்கால் எம்.பி.கூட வராது. பெட்டியில் முன்பு யாரோ வைத்த அலகு இன்ச்சாக இருந்து, நீங்கள் 35, 45 என்று எண்ணை மட்டும் அடித்திருந்தால் கதை வேறு. 10,500 × 13,500 பிக்செலுக்குப் படத்தை இழுத்துவிடும். அது 14 கோடி பிக்செலுக்கு மேல், ஒரு லேயருக்கே 425 எம்.பி. நீங்கள் நினைத்ததைப் போல 645 மடங்கு. பதினான்கு முழு நகல் சேர்ந்தால் 6 ஜி.பி. தீர்ந்தது. திரையில் இரண்டுமே ஜன்னலுக்குள் அடங்கித் தெரிவதால் கண்ணுக்கு வித்தியாசம் புலப்படாது. தலைப்புப் பட்டையில் ஜூம் 5 சதவீதம் என்று இருந்தால் உடனே உஷாராகுங்கள்.

எண்ணோடு 'எம்எம்' என்று அலகையும் சேர்த்தே அடிக்கும் பழக்கம் நல்லது. ஏற்கனவே பூதமாகிவிட்ட கோப்பு என்றால் இமேஜ் சைஸில் போய்ச் சரியான அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம், ஆனால் இழுத்துக் கெடுத்த தெளிவு திரும்பாது. மூலப்படத்தில் மறுபடி வெட்டுவதே மேல்.

ஸ்கிராட்ச் நிரம்பி மென்பொருளே திறக்கவில்லை என்றால், கண்ட்ரோல்+ஆல்ட் அழுத்தியபடி தொடங்குங்கள். ஸ்கிராட்ச் டிரைவை மாற்றும் பெட்டி வரும். இடையில் கணினி நின்றுபோயிருந்தால் 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கும் பெரிய கோப்புகள் டிரைவில் அனாதையாகக் கிடக்கும். மென்பொருளை மூடிவிட்டு அவற்றை அழிக்கலாம். பென் டிரைவை ஸ்கிராட்ச்சாக வைக்க வேண்டாம். யு.எஸ்.பி. 2.0 வழியே நொடிக்கு 30, 40 எம்.பி. போனாலே பெரிது.

கேள்வி: ஜிம்ப் லேசான மென்பொருள் என்று சொல்லி மாறச் சொன்னார்கள். 2.10 பதிப்பு போட்டிருக்கிறேன். ஒரே ஒரு 24 மெகாபிக்செல் படம், இரண்டு லேயர். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 1 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது.

பதில்: இமேஜ் மெனுவில் பிரிசிஷன் என்ன என்று பாருங்கள். 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒரு பிக்செலுக்கு நான்கு சேனல் (மூன்று நிறமும் ஒளிபுகும் தன்மையும்), சேனலுக்கு 4 பைட். ஒரு லேயர் 384 எம்.பி., இரண்டு லேயர் 768. மீதியை அன்டூ எடுத்துக்கொண்டிருக்கும். 8 பிட் இன்டிஜருக்கு மாற்றினால் ஒரு லேயர் 96 எம்.பி.க்கு இறங்கும். ஜேபெக்கைத் திருத்தி ஜேபெக்காகவே சேமிப்பவருக்குப் பெரும்பாலும் 8 பிட் போதும். வானம் போன்ற மெல்லிய நிறச்சரிவைப் பலமாக மாற்றும்போது மட்டும் பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். அந்தப் படத்துக்கு 16 பிட் வையுங்கள்.

அடுத்து எடிட் – ப்ரிஃபரன்சஸ் – சிஸ்டம் ரிசோர்சஸ். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அன்டூ மெமரிக்கு உச்சவரம்பு 256 எம்.பி. என்று வைத்திருப்பார்கள், குறைந்தபட்ச அன்டூ படிகள் 20 என்று வைத்திருப்பார்கள். குறைந்தபட்சம் என்று சொன்ன படிகளை ஜிம்ப் எப்பாடுபட்டாவது காப்பாற்றும், உச்சவரம்பு மீறினாலும். அதனால் அந்த எண்ணை 5 ஆக்கினால்தான் வரம்புக்கு அர்த்தம் வரும். ஜிம்ப் படத்துக்காக ரேமில் எடுத்துக்கொள்ளும் இடத்தின் வரம்பான டைல் கேஷ் சைஸை மொத்த ரேமில் பாதிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். கேஷ் நிறைகிறதா, டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகிறதா என்பதை ஜிம்ப்பிலேயே உள்ள 'விண்டோஸ்' மெனுவின் டாக்கபிள் டயலாக்ஸ் பட்டியலில் உள்ள டாஷ்போர்டு நேரடியாகக் காட்டும். நீண்ட வேலைக்கு நடுவே, இனிப் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை என்று உறுதியானால் அன்டூ ஹிஸ்டரி பலகத்தில் உள்ள துடைக்கும் பொத்தானை அழுத்தலாம்.

கேள்வி: ரேமைச் சுத்தம் செய்யும் மென்பொருள் நிறுவலாமா?

பதில்: வேண்டாம். அது எதையும் சுத்தம் செய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் மெமரியை வலுக்கட்டாயமாக ரேமைவிட்டு வெளியே தள்ளுகிறது. எண் குறைந்ததுபோல் தெரியும். அடுத்த கிளிக்கில் எல்லாம் திரும்பி வர வேண்டும்.

கேள்வி: 4 ஜி.பி. போட்டும் 3.2 ஜி.பி.தான் பயன்படுகிறது என்கிறது. 8 ஆக ஏற்றினால் சரியாகுமா?

பதில்: செட்டிங்ஸ் – சிஸ்டம் – அபௌட் பகுதியில் 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் 16 ஜி.பி. போட்டாலும் இதே கதிதான். அதில் முகவரிக்கு உள்ள எல்லையே 4 ஜி.பி., அதிலும் ஒரு பகுதி வன்பொருளுக்குப் போகிறது. அதே பக்கத்தில் 'எக்ஸ்64 பிராசசர்' என்று இருந்தால் 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவலாம். பழையதன்மேல் ஏற்ற முடியாது. கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப்புக்கு ரேம் கூட்டுவதா, எஸ்.எஸ்.டி. போடுவதா?

பதில்: போட்டோஷாப்பையே கேளுங்கள். படச் சாளரத்தின் கீழ் ஓரத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி 'எஃபிஷியன்சி'யைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான வேலையின்போது எண் 100 சதவீதத்திலேயே இருந்தும் மந்தமாக இருந்தால் ரேம் உங்கள் பிரச்சினை அல்ல. பிராசசர் அல்லது கிராஃபிக்ஸ். அடிக்கடி 100க்குக் கீழே இறங்கினால் ஸ்கிராட்ச்சுக்குப் போகிறது, ரேம் கூட்டினால் பலன் உண்டு. வேகத்தை ஒப்பிட்டால் காரணம் தெரியும்: டி.டி.ஆர்.3–1600 ரேம் ஒன்று நொடிக்கு 12.8 ஜி.பி. வரை கொடுக்க வல்லது, சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 500 எம்.பி., பழைய ஹார்டு டிஸ்க் 100 சொச்சம். எஸ்.எஸ்.டி. வலியைக் குறைக்கும், ரேமுக்கு மாற்றாகாது. ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, கூட்ட வழியில்லாத லேப்டாப் என்றால் எஸ்.எஸ்.டி. ஒன்றுதான் கதி.

ரேம் வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் – மெமரி பகுதியைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று இருக்கும். பிறகு பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'பி.சி.3எல்' என்று எல் சேர்ந்திருந்தால் அது 1.35 வோல்ட், வெறும் 'பி.சி.3' என்றால் 1.5 வோல்ட். எல் வகை மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் மற்றதைச் செருகினால் திரையே வராது. டி.டி.ஆர்.4 வாங்கிவந்தால் செருகவே முடியாது. டி.டி.ஆர்.3 லேப்டாப் ரேமுக்கு 204 பின், டி.டி.ஆர்.4க்கு 260, பள்ளமும் இடம் மாறியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். பிறகு ரன் பெட்டியில் mdsched என்று அடித்து விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டு, பிழை இல்லை என்று வந்தபின் படங்களைத் திறங்கள்.