கேப்டன் யார், தலைவன் யார்? கபடிக் கேள்வி பதில்

இருபது வருடம் கார்னரில், அதாவது பிடிக்கிறவர்கள் வரிசையின் ஓரத்தில், நின்றவன் நான். இப்போது கோபியில் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். வீரர்கள் யாரைத் தலைவனாக மதிக்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பெருந்துறை: நல்ல ரெய்டரைத்தானே கேப்டனாகப் போடணும், அண்ணா?

பாடிப் போகிற ரெய்டர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்துவிட்டால் களத்தில் யார் பேசுவது? எங்கள் அணியில் கேப்டன் ஒருத்தர், ஆனால் நாங்கள் முகம் பார்த்தது இடது கார்னர் மாமாவை. எதிரணி ரெய்டர் உள்ளே வந்ததும் பக்கத்தில் நிற்பவன் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு அழுத்து என்றால் பொறு, இரண்டு என்றால் பாய். வாயே திறக்க மாட்டார். ஒரு நாள் நான் அவசரப்பட்டுக் கணுக்காலுக்குப் பாய்ந்து பாயிண்டைக் கோட்டை விட்டேன். என் முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, "அடுத்த தடவையும் நீயே முதல்ல பிடி" என்றார். எனக்குத் தலைவன் அவர்தான். கிரிக்கெட்டில் பாருங்கள், சச்சின் 25 டெஸ்டில் கேப்டன், ஜெயித்தது நாலே நாலு. ஆடுவது வேறு, ஆளை நடத்துவது வேறு. ஒன்று மட்டும்: ஜெர்சி வாங்கித் தருகிறவர் மகனைக் கேப்டனாக்காதீர்கள்.

பவானி: ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா?

தாராளமாக. ஜெர்சிக்காரர் மகனுக்கு ஓட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காங்கேயம்: 2007 டி20 உலகக் கோப்பை பைனலில் ஜோகிந்தருக்குத் தோனி கடைசி ஓவர் கொடுத்தது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அந்த ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. ஒரு வைடு, அப்புறம் ஒரு சிக்ஸர். பந்து போடுகிறவன் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! அந்த நேரத்தில் கேப்டன் முகம் சுளித்தாலே ஆள் காலி.

நாமக்கல்: அந்த ஓவரில் கடைசி விக்கெட் கேட்சை ஸ்ரீசாந்த் விட்டிருந்தால் இப்படிப் பேசுவீங்களா?

மாட்டேன், ஒத்துக்கொள்கிறேன். சரி, ஜெயித்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் டெஸ்ட் தொடரை வென்றதும் கேப்டன் ரஹானே கோப்பையை யார் கையில் கொடுத்தார்? வலைப் பயிற்சியில் பந்து போடப் போன நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் கையில். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

திருப்பூர்: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இதெல்லாம் எங்களுக்கு ஆகுமா?

பாதிதான் ஆகும். களத்தில் தப்பு அப்போதே தெரிந்துவிடும். தையலில் விட்ட பிசகு செக்கிங் மேஜையில்தான் தெரியும், அதற்குள் நூறு பீஸ் போயிருக்கும். அதனால் ஆட்டக்காரனின் அவசர முடிவு அங்கே ஆகாது. ஆனால் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள், முதலாளி முன்னால் பழியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேலம்: நல்ல ரெய்டரைக் கேப்டனாக...

மேலே படிங்க, கண்ணு.

அந்தியூர்: முழங்கால் வலிக்கு என்ன தைலம்?

டாக்டரைப் பாருங்கள்.

சத்தி: அண்ணா, ஜெர்சி வாங்கித் தருகிறவர் மகன் நான்தானுங்க. நல்லாவே ஆடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வா சாமி. கார்னரில் நிறுத்திப் பார்க்கிறேன்.