பாத்டப் இல்லாத வீட்டில் எப்சம் உப்பு

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. கம்பம் ஊரிலிருந்து தினமும் ஜீப்பில் மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். ராத்திரியானால் கெண்டைக்காலும் இடுப்பும் வலிக்கிறது என்கிறார். எப்சம் உப்பு போட்ட வெந்நீர்த் தொட்டியில் படுத்தால் நல்லது என்கிறார்கள். எங்கள் வீட்டில் வாளியும் மக்கும்தான். குளிக்கிற தண்ணீரில் கரைத்து ஊற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஊற்றிக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. ஆனால் உப்புக்குக் கொடுத்த காசு சாக்கடையோடு போய்விடும். மக்கில் ஊற்றும் தண்ணீர் தோலில் நிற்பது சில நொடிதான். சூடு தசைக்குள் இறங்கக் கால் மணி நேரமாவது வேண்டும். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் எடுப்பவருக்கு வலி வருகிற இடம் கெண்டைக்காலும் இடுப்பும்தான். அந்த இரண்டு இடம் சூட்டில் இருந்தால் போதும்.

உப்பை வாங்கும்போது கவனியுங்கள். இது கல்லுப்பும் இல்லை, இந்துப்பும் இல்லை, மக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து காய்ச்சி எடுத்ததால் அந்தப் பெயர். நம் பெரியவர்கள் பேதி உப்பு என்பார்கள். வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இலை மஞ்சளித்தால் தெளிக்க உரக்கடையில் மூட்டையில் விற்பதும் இதே பொருள்தான். ஆனால் அது செடிக்கு. தோலுக்கு ஏற்ற சுத்தம் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். மருந்துக்கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரம்) என்று அச்சிட்ட பாக்கெட்டாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோல் வழியாக மக்னீசியம் ஏறி வலியை எடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய கை வீங்கினால், நர்ஸம்மா இதே உப்பைக் கிளிசரினில் குழைத்துப் பற்றுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வீக்கத்துக்கு, தசைவலிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. என்னைக் கேட்டால், இதில் முக்கால்வாசி வேலை வெந்நீருடையது. உப்பு தீர்ந்த அன்று வெறும் வெந்நீரில் காலை வைத்தாலும் இதமாகத்தான் இருக்கும்.

சரி, காலுக்கு. ஒரே வாளியில் இரண்டு காலையும் திணிக்காதீர்கள். அடி குறுகலாக இருப்பதால் விரல்கள் மடங்கி, வேறு வலி வரும். இரண்டு வாளி வையுங்கள், அல்லது ஒவ்வொரு காலாக. அன்னக்கூடையில் இரண்டு பாதமும் அடங்கும், ஆனால் தண்ணீர் கணுக்காலோடு நின்றுவிடும். 5 லிட்டர் தண்ணீருக்கு அரை டம்ளர் உப்பு, சுமார் 100 கிராம். நன்றாகக் கரையட்டும்; கரையாத உப்பு குதிகாலில் நறநறவென்று உறுத்தும். சூட்டை முழங்கையை விட்டுப் பாருங்கள். கை உடனே பின்வாங்கினால் இன்னும் ஆறட்டும். 15 நிமிடம். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, விரல் இடுக்கைத் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அலசாமல் விட்டால் தோல் வறண்டு வெள்ளை பூக்கும்.

இடுப்புக்கு ஒத்தடம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு. பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, குப்புறப் படுத்திருப்பவர் இடுப்பில் போட்டு, மேலே காய்ந்த துண்டு. ஆறினால் மறுபடி நனைத்து, மூன்று நான்கு முறை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால் காலை முக்கவே வேண்டாம். பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தாலும் சூடு வேண்டாம். காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது மேல். அட்டை கடித்த புண் ஆறும் வரை பொறுங்கள். ஈரமான பூட்சால் வந்த சேற்றுப்புண்ணுக்கு இந்த உப்பு மருந்தே இல்லை. அதற்குக் கால் காய வேண்டும், பூஞ்சைக் களிம்பு வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், அல்லது இடுப்பு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால், வாளியை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். மீதி உப்பை இறுக மூடி, பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும். விடியற்காலை அவசரத்தில் காப்பியில் விழுந்தால், அம்மா அன்று ஜீப் ஏறின மாதிரிதான்.