பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை

அன்புள்ள அக்கா,

2019 இல் இலங்கையில் 3 இலட்சத்து 19 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 2023 இல் 2 இலட்சத்து 48 ஆயிரம்தான். இறப்போ 1 இலட்சத்து 46 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 81 ஆயிரமாகக் கூடிவிட்டது. இப்படியே போனால் எங்கள் சனம் என்னாகும்? குடும்பத்துக்கு மூன்று பிள்ளையாவது வேண்டாமா? நீங்கள் ஏன் இதை எழுதுவதில்லை? (இன்னொன்று: மனைவிக்கு ஐந்து மாதம். மிட்வைஃப் (அரசாங்க மருத்துவ மாது) அடிக்கடி வந்து கொப்பியை விரித்துக் கேள்வி கேட்கிறார். தனியார் வைத்தியரிடமும் காட்டுகிறோம். இந்தக் காலத்திலும் இது தேவையா?)

ச., உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் இருவருக்கும் வாழ்த்து. நல்லபடியாகப் பிறக்கட்டும்.

நீங்கள் தந்த கணக்குச் சரி. பயம்தான் பிழை. கொரோனாவில் கலியாணங்கள் தள்ளிப்போயின. அப்புறம் பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. பெறுகிற வயதுக்காரர் பாதிப்பேர் பாஸ்போட் எடுக்க நின்றார்கள். அந்த வருடங்களில் பிள்ளை குறையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ‘எங்கள் சனம்’ என்கிற பேச்சை என்னிடம் கொண்டு வராதீர்கள். இந்த ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சனமும் ஒன்றையொன்று எண்ணிக்கொண்டிருந்து பட்டது போதும். அடுத்த வீட்டுப் பெண்ணின் வயிற்றை எண்ணுவது எனக்கு எப்போதும் அருவருப்பு.

என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் அடைப்புக்குள் போட்ட விஷயம். அம்மாவின் திவசம் போன கிழமைதான் முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் கொப்பியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

“இந்தக் காலத்திலும்” என்கிறீர்கள். எந்தக் காலம் தம்பி? 1935 இல், மலேரியா கொள்ளைநோயாய் வந்தபோது, இந்த நாட்டில் பிறந்த ஆயிரத்தில் 263 குழந்தைகள் முதல் வயதைக் காணவில்லை. 1946 இல் 141. அடுத்த வருடமே 101. நுளம்புக்கு டிடிரி மருந்து அடித்ததால் குறைந்தது என்பார்கள். அதற்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலேரியா இல்லாத பகுதிகளிலும் அதே காலத்தில்தான் சாவு குறைந்தது. மருந்தடித்தவர்கள் எல்லோருக்கும் ஞாபகம். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுமுறை மெல்ல மெல்ல நாடெங்கும் வந்து, அதன்படி படலை படலையாக ஏறி இறங்கிய மருத்துவ மாதுக்களை யார் நினைக்கிறார்கள்? இன்று அந்த 263, பத்துக்குக் கீழே வந்திருக்கிறது. நீங்கள் அலுத்துக்கொள்வது அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான். ஏறக்குறைய மூவாயிரம் சனத்துக்கு ஒருவர் என்று வேலை செய்கிறார்கள், தெரியுமா?

அவர்கள் நடந்தது மட்டுமல்ல, எழுதினார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். மூதூர்ப் பக்கம், 1983 மாரி. எட்டாம் மாதத்துப் பிள்ளை, வீட்டில்தான் பிறந்தான். கொட்டியாரக் குடாவில் கடல் கொந்தளிப்பு, லோஞ்ச் ஓடவில்லை. தரைவழியாக ரவுணுக்குப் போவதென்றால் ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு, அதுதான் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். கிண்ணியாப் பாலத்தில் இன்று மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்களுக்கு இது விளங்காது. அது 2009 இல் வந்த பாலம். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டான். பனையடியில் தாட்டார்கள்.

அவன் பிறப்பைப் பதியவில்லை. சட்டம் 42 நாள் தவணை தந்தது. எங்கள் வழக்கமோ 31. துடக்குக் கழித்து, பேர் வைத்து, அதற்குப் பிறகுதான் அப்பா பதிவாளரிடம் போவார். பேரே இல்லாத பிள்ளையை என்னவென்று பதிவது? பிறப்பே பதியாத பிள்ளையின் சாவை யார் போய்ச் சொல்வது? ஒரு வயதுக்குள் சாகிற குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே சாகின்றன. அதாவது சரியாக அந்த 31 நாளுக்குள். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் கணக்கில் விழாமலே போயிருக்கும்? விழாத ஒவ்வொரு சாவாலும் நாட்டின் சராசரி கொஞ்சம் அழகாகும்.

சராசரி என்றதும் இன்னொரு கோபம். இலங்கையின் சிசு மரண வீதத்தை உலகமே மெச்சிக்கொண்டிருந்த நாட்களில், 1993 இலும் 2000 இலும், நடந்த பெரிய சுகாதார ஆய்வுகளில் வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. குடிசன மதிப்பும் அப்படித்தான். 2001 இல் திருகோணமலையை முழுதாக எண்ண முடியவில்லை. 1981 க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பு 2012 இல்தான் நடந்தது. சனம் குறைகிறது என்று பதறுகிற நீங்கள் முப்பத்தொரு வருடம் எந்தக் குடிசன மதிப்பும் எங்களை முழுதாக எண்ணவில்லை என்பதற்கல்லவா பதற வேண்டும்?

தம்பி போய் இரண்டு வருடம் இருக்கும். புதிதாக ஒரு மிட்வைஃப் வந்தார். திண்ணையில் இருந்து, கொப்பியை விரித்து அம்மாவிடம் கேட்டார்: “பிறந்தது எத்தினை, இருக்கிறது எத்தினை?” அதுவரை எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், பிள்ளைகள் எத்தனை என்று. அம்மா நாலு என்பார். அன்று பேசாமல் உள்ளே போனார். பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். “பிறந்தது ஐஞ்சு மிஸ்” என்றார். மிஸ் எழுதினார். என்ன, எப்போது, எத்தனையாம் நாள் என்று கேட்டு அதையும் எழுதினார். அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் நாலு என்று சொன்னதில்லை.

உங்கள் தனியார் வைத்தியர் நல்லவராக இருக்கலாம். பிரஷர் பார்ப்பார், ஸ்கான் எடுப்பார். ஆனால் நீங்கள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடி வருவாரா? பிள்ளை பிறந்த பத்து நாளுக்குள் படலையைத் தட்டி, தொப்புள் காய்ந்ததா, பால் குடிக்கிறானா என்று பார்ப்பாரா?

எத்தனை பிள்ளை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அடுத்த முறை மிட்வைஃப் வரும்போது கதிரை போடுங்கள். நாய் இருந்தால் கட்டி வையுங்கள். எங்கள் பகுதிக்கு வருகிற மிட்வைஃப் பிள்ளையை இந்த வருடம் மட்டும் இரண்டு தடவை நாய் கடித்துவிட்டது.