ஈரப்பதத் தளர்வு மனு: எந்த அமைச்சரிடம் போவது?

கேள்வி: மழையில் நனைந்த குறுவை நெல்லை 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். மத்திய வேளாண் துறையில் கூட்டணிக் கட்சிக்காரர் இணை அமைச்சராக இருக்கிறார், அவரைப் பிடித்தால் நடக்கும் என்கிறார்கள். சங்கத்தின் சார்பில் அவரிடம் மனு கொடுக்கலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கொடுக்கலாம், பலன் இருக்காது. முதலில் துறையே வேறு. கொள்முதல் தரமும் ஈரப்பத வரம்பும் மத்திய உணவு, பொது விநியோகத் துறையின் கையில் இருக்கின்றன. வேளாண் துறையில் இல்லை.

அடுத்தது பதவி. 2024 ஜூன் 9 அன்று மத்திய அரசில் பதவியேற்ற 72 பேரில் பிரதமர் தவிர 30 பேர் கேபினட் அமைச்சர்கள், 5 பேர் தனிப்பொறுப்பு இணை அமைச்சர்கள், 36 பேர் இணை அமைச்சர்கள். கூட்டணிக் கட்சிகளுக்குக் கிடைத்தவை 11: கேபினட் 5, தனிப்பொறுப்பு 2, இணை 4.

தனிப்பொறுப்பு என்றால் துறைக்கு அவரே தலைவர். தன் துறை விஷயம் வரும்போது மட்டும் அமைச்சரவைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். வெறும் இணை அமைச்சருக்கு, கேபினட் அமைச்சர் பிரித்துக் கொடுக்கும் கோப்புகள்தான். 2004இல் கூட்டணிக் கட்சியான தி.மு.க.வின் தஞ்சாவூர் எம்.பி. பழனிமாணிக்கம் நிதித் துறை இணை அமைச்சரானபோதும் துறை ப. சிதம்பரத்திடம்தான் இருந்தது. கூட்டணிக் கட்சியின் பேரம் இலாகா பிரிக்கும்போது பலிக்கும். இன்னொரு துறையின் ஈரப்பதக் கோப்பில் பலிப்பது அபூர்வம்.

இதில் கோப்பைத் தொடங்கி வைப்பது மாநில அரசின் கடிதம். அது போனால்தான் மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுக்கும். ஆகவே முதல் மனு ஆட்சியருக்கும் மாநில உணவுத் துறைக்கும். நிலையத்தின் பெயர், தேதி, மீட்டர் காட்டிய அளவு, தேங்கிய மூட்டைகள், அந்த வாரத்து மழையளவு எல்லாம் இருக்கட்டும். "தளர்வு வேண்டும்" என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை சதவீதம், எந்த மாவட்டங்களுக்கு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். 22 சதவீதம் கேட்டால் 22 வரும் என்று இருந்துவிடாதீர்கள். 2022 அக்டோபரில் 19 வரைதான் தளர்த்தினார்கள். நகலை மத்திய உணவுத் துறை கேபினட் அமைச்சருக்கும் துறைச் செயலருக்கும் அனுப்புங்கள். இணை அமைச்சருக்கு ஒரு பிரதி போதும்.

எம்.பி.யைப் பயன்படுத்துவதில் காலம் முக்கியம். குறுவை அறுவடையாகும் அக்டோபரில் பெரும்பாலும் நாடாளுமன்றம் கூடாது. அப்போது அவர் அமைச்சரை நேரில் பார்ப்பதுதான் வழி. சம்பா அறுவடை பட்ஜெட் கூட்டத்தொடரோடு ஒட்டி வரும். அப்போதும் எழுத்துக் கேள்வியை நம்ப வேண்டாம். அதற்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை. அதற்குள் களத்தில் நெல் முளைத்துவிடும். அவசர விஷயங்களை நாள்கணக்கில் காத்திருக்காமல் சபையில் பேச விடும் பூஜ்ஜிய நேரத்தில் எழுப்பச் சொல்லுங்கள்.