மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டிய இடத்தில் புல் காய்வது ஏன்?

கேள்வி: புல்தரையில் தொலைந்த தங்க மோதிரத்தை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறோம். சத்தம் வந்த இடங்களில் புல்லை வட்டமாகச் செதுக்கி எடுத்துத் தோண்டிவிட்டு, திரும்ப மூடினோம். ஒரு வாரத்தில் அத்தனையும் காய்ந்துவிட்டன. பாதித் தரை இன்னும் பாக்கி. எப்படித் தோண்ட வேண்டும்?

பதில்: காய்ந்த வட்டம் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாய் போல மொத்தமாகக் கையோடு வந்தால், வேர் அடிமண்ணைப் பிடிக்கவே இல்லை. மெல்லிசாகச் செதுக்கியதால் வேரில் பெரும்பகுதி கீழேயே நின்றுவிட்டது. மூடியபோது அடியில் காற்று தங்கி, மிச்ச வேரும் உலர்ந்துவிட்டது.

அண்மையில் தொலைந்த மோதிரம் பெரும்பாலும் புல்லின் அடித்தாள்களுக்குள்தான் கிடக்கும். ஆகவே முதலில் கையால் கோதியும், பின்பாயிண்டரை (உலோகம் இருக்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி) மேற்பரப்பில் ஓட்டியும் பாருங்கள். அங்கே இல்லையென்றால் டிடெக்டரின் அடியிலுள்ள தட்டை (காயில்) வடக்கு தெற்காக ஒருமுறை, கிழக்கு மேற்காக ஒருமுறை வீசுங்கள். இரண்டு வீச்சிலும் சத்தம் உச்சமாகக் கேட்கும் புள்ளிதான் தோண்டும் இடம். 5 செ.மீ.க்குள் இருந்தால் வெட்டவே வேண்டாம்: முனை மழுங்கிய ஸ்குரூடிரைவரைச் செருகி, மண்ணை நெம்பிப் பிளந்து, பொருளை எடுத்துவிட்டு இருபுறமும் அழுத்தி மூடினால் போதும். அலுமினியத் தாளும் தங்கத்தைப் போலவே சத்தம் தரும் என்பதால் வெற்றுக் குழிகள் நிறைய விழும். அதனாலேயே ஒவ்வொரு குழியிலும் பக்குவம் தேவை.

ஆழத்தில் இருந்தால் லாட வடிவில் மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள். அகலம் 10 செ.மீ., ஆழமும் 8 முதல் 10 செ.மீ. இருக்கட்டும். நான்காவது பக்கம் கீல் மாதிரி ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்து வேர் உயிரோடிருக்கும், வெட்டிய புல்மண் கட்டியும் பழைய இடத்திலேயே பிசகாமல் உட்காரும். கத்தியைச் செங்குத்தாக இறக்குங்கள். உள்நோக்கிச் சாய்த்தால் கட்டியின் ஓரம் மெலிந்து முதலில் கருகும். சொட்டுநீர்க் குழாய், மின்கம்பி போகும் வழி தெரியாத இடத்தில் கத்தியை ஓங்கிக் குத்த வேண்டாம்.

கட்டியை மடக்கித் திறந்ததும் பின்பாயிண்டரை முதலில் அதன் அடியில் காட்டுங்கள், பிறகு குழிக்குள். பொருள் கட்டியிலேயே ஒட்டியிருப்பது சகஜம். வேர்மண்ணை மட்டும் உதற வேண்டாம். தோண்டும் மண்ணைப் புல்மீது கொட்டாமல் ஒரு துணியில் போட்டால் ஒரு பிடிகூட வீணாகாது. மண் குறைந்தால் கட்டி பள்ளமாகும்.

மூடுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மண்ணை இரண்டு மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் முஷ்டியால் இறுக்குங்கள். கட்டியை மடக்கி, காலால் மிதித்துச் சமப்படுத்தி, வெட்டுக் கோட்டில் பொடிமண் தூவி, ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் இறங்கும்போது மண் படிந்து காற்று வெளியேறும். ஒரு வாரம் தினமும் ஈரம் காக்க வேண்டும். வேர் பிடிக்கும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், அங்கே புல்வெட்டும் இயந்திரம் ஓட்ட வேண்டாம், யூரியாவும் வேண்டாம்.

தண்ணீர் விட்ட மறுநாள் தோண்டுவது நல்லது. வறண்ட மண் வேரிலிருந்து உதிர்ந்துவிடும்; சேறாக இருந்தால் குழியின் சுவர் மெழுகியது போல் இறுகி, வேர் நுழையாது. உச்சி வெயிலில் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே காய்ந்த இடங்களில் செத்த புல்லை அகற்றி, 5 செ.மீ. கிளறி, ஈரமாக வைத்திருங்கள். அருகம்புல் போன்ற ஓடுபுல் பக்கத்திலிருந்து தானே படர்ந்து மூடும். குத்தாக வளரும் வகையென்றால் விதை தூவியே ஆக வேண்டும்.