விட்டுப்போன இரண்டு நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை காலை நடையைத் தொடங்கியிருக்கிறேன். 21 நாட்கள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று படித்திருந்ததால், ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் நாட்களை எண்ணி எழுதிவந்தேன். இம்முறை 19ஆம் நாள் காய்ச்சல் வந்து இரண்டு நாட்கள் போக முடியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமே என்ற சலிப்பில் விட்டுவிட்டேன். அதே நாளில் தொடங்கிய மற்ற இரண்டும், சர்க்கரையைக் குறைப்பதும் இரவு 10 மணிக்குப் படுப்பதும், கூடவே போய்விட்டன. எனக்கு மன உறுதி இல்லை என்றே தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை வருந்தச் செய்தது. மன உறுதி இல்லாதவர் நான்காம் முறை தொடங்கியிருக்க மாட்டார். பிழை நீங்கள் நம்பிய கணக்கில் இருக்கிறது.

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூலில், அறுவை சிகிச்சைக்குப் பின் மாறிய தம் முகத்துக்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாட்கள் ஆகின்றன என்று எழுதினார். கண்ணாடியில் தெரியும் புதிய முகத்தை மனம் ஏற்பதைப் பற்றி ஒரு மருத்துவர் தம் அனுபவத்தில் கண்டது அது. பலர் வாய்வழியே பரவியபோது 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்து, எண் மட்டும் விதியாக நின்றுவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரே ஒரு செயலைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் ஒரே சூழலில் அதைச் செய்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை உச்சத்தை எட்ட ஆகும் காலத்தைக் கணித்தபோது, அது நடுத்தரமாக 66 நாட்கள் என்றும், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடுகிறது என்றும் தெரிந்தது. அந்த வளர்ச்சி தொடக்கத்தில் வேகமாக ஏறிப் பின்னர் மெல்லச் சமன்படுகிறது. நீங்கள் நடந்த அந்த 18 நாட்கள், அந்த ஏற்றத்தின் வேகமான பகுதியைச் சேர்ந்தவை.

உங்களுக்கு இன்னும் முக்கியமானது வேறொன்று. புதிய பழக்கம் வேரூன்றும்வரை ஒருமுறைகூடத் தவறக்கூடாது என்றும், கவனமாகச் சுற்றிய நூற்பந்தைக் கைநழுவவிட்டால் ஒரே நழுவலில் பல சுற்றுகள் பிரிந்துவிடும் என்றும் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890இல் எழுதினார். அழகான உவமைதான், நானும் நெடுங்காலம் அதை நம்பினேன். ஆனால் லாலியின் ஆய்வில் எப்போதாவது ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. அடிக்கடி விடலாம் என்று இதற்குப் பொருளல்ல. உங்கள் முயற்சியை முடித்துவைத்தது காய்ச்சலன்று, அதன்பின் நீங்கள் எண்ணிக்கையை அழித்த அந்த முடிவுதான்.

தமிழில் நாம் 'கை பழகிவிட்டது', 'கால் பழகிவிட்டது' என்கிறோம். உடல் பழகுவது மறுபடி மறுபடி வரும் ஒரு சூழலுக்குத்தான். 'காலையில் நடப்பேன்' என்பதில் அத்தகைய சூழல் ஏதும் இல்லை. காலை என்பது நீண்ட பொழுது. 'முகம் கழுவித் துடைத்ததும் காலணியை மாட்டுவேன்' என்பதில் இருக்கிறது. இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவுசெய்வது செயலை எளிதாக்குகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். முதுகுவலிக்காகச் சொல்லப்பட்ட பயிற்சிகளை ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போட்ட எனக்கும், பல் துலக்கியதும் அவற்றைச் செய்வது என்று வரையறுத்த பிறகுதான் அவை நிலைத்தன.

பழக்கமாக வேண்டியது புறப்படுவது மட்டுமே; எவ்வளவு தூரம் என்பதை அன்றைய உடல்நிலை தீர்மானிக்கட்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டுவிட்டது. ஆகவே ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும்.

சர்க்கரையையும் உறக்கத்தையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியதால்தான் ஒன்று விழுந்தபோது மற்றவையும் விழுந்தன.

காய்ச்சலின் சோர்வு முற்றிலும் நீங்கியிருந்தால் நாளையே புறப்படுங்கள். நாட்காட்டியில் எண் வேண்டாம். நடந்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள், நடக்காத நாள் வெறுமையாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதும்போது புள்ளிகள் எத்தனை என்று சொல்ல வேண்டாம். காலணியை மாட்டும் முன் 'போகலாமா' என்று யோசிக்க வேண்டியிருக்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள்.